ஆட்காட்டி கட்டிய பலகை வேலி

ஆட்காட்டிப் பறவை வெள்ளையம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் ஒரு பயம் வந்துவிடும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவோமோ, நடுவில் ஏதாவது விட்டுப்போகுமோ, கேட்கிறவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டு தாங்களும் போய்க் கூட்டைச் சுற்றிப் பலகை அடித்துவிடுவார்களோ என்று. "சரியாத்தானே சொல்றேன்?" என்று பத்து வார்த்தைக்கு ஒரு தடவை கேட்பாள். பிறகு பாதியிலேயே நிறுத்திவிடுவாள். அதனால் அவளுக்குப் பதிலாக நாமே முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுவோம்.

அது ஒரு கண்மாய்க் கரை. கோடைக்காலம். தண்ணீர் வற்றி நடுப்பள்ளத்தில் மட்டும் கிடந்தது. கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சரளைக்கல் பரந்த பொட்டல். அந்தப் பொட்டலில்தான் வெள்ளையம்மாவும் அவள் கணவன் மூக்கையனும் குடியிருந்தார்கள்.

ஆட்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. காலால் மண்ணைக் கொஞ்சம் பறித்து, உள்ளே நாலு கூழாங்கல்லும் காய்ந்த ஆட்டுப் புழுக்கையும் போட்டால் கூடு முடிந்தது. கூரை கிடையாது, சுவர் கிடையாது. முட்டைகளும் கல்லைப் போலவே இருக்கும். மண் நிறம், அதில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. இருக்கும் இடம் தெரிந்தவர்களே இரண்டு தடவை பார்த்தால்தான் கண்ணில் படும்.

போன தடவை வெள்ளையம்மா மூன்று முட்டை போட்டிருந்தாள். மேய்ச்சலுக்கு வந்த ஆடு ஒன்று தெரியாமல் மிதித்துவிட்டது. இந்தத் தடவை நான்கு முட்டை. இருபது நாள் அடைகாத்தாயிற்று. குஞ்சு பொரிக்க இன்னும் எட்டு நாள். அந்த எட்டு நாளையும் அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தக் கொக்கு நம்மளையே பாக்குது."

"அது மீனப் பாக்குது."

"மீன் அந்தப் பக்கம்ல இருக்கு?"

"கொக்குக்கு ரெண்டு பக்கமும் கண்ணு இருக்கு வெள்ளையம்மா. ஒண்ண வச்சு மீனப் பாக்குது. இன்னொண்ணு சும்மா இருக்கு."

"அந்தச் சும்மா இருக்குற கண்ணுதான் நம்மளப் பாக்குது," என்றாள் வெள்ளையம்மா.

மூக்கையன் குனிந்து தீனி பொறுக்கத் தொடங்கினான். பேசினால் அவள் கொக்கை விட்டுவிட்டுத் தவளையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

பக்கத்தில் ஆவாரஞ்செடிக்கு அடியில் காத்தாயி என்ற முயல் குடியிருந்தாள். இருவருக்கும் நடுவே வெறும் பத்துத் தப்படி வெட்டவெளி. காத்தாயி எப்போதும் வெள்ளையம்மாவைப் பார்க்கிற மாதிரி நின்றுதான் புல் மேய்வாள். நாயோ நரியோ தூரத்தில் வந்தால் வெள்ளையம்மாதான் முதலில் பார்ப்பாள். அவள் கத்தினால் கரை முழுவதும் ஓடி ஒளிந்துவிடும். அந்தக் கரைக்கே அவள்தான் காவல். அது அவளுக்கே தெரியாது. தனக்குப் பயம் அதிகம் என்று மட்டும்தான் அவள் நினைத்திருந்தாள்.

அந்தக் கரையில் கருப்பணன் என்ற உடும்பும் இருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். தினமும் மதியம் கல் இடுக்கிலிருந்து இறங்கி, நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டு, பொட்டல் வழியாகத் தண்ணீருக்குப் போகும். போகும்போது வெள்ளையம்மாவைப் பார்த்து அன்பாக விசாரிக்கும்.

"என்ன தங்கச்சி, முட்டை கிட்டை போட்டாச்சா?"

"இன்னும் இல்லண்ணே," என்பாள் வெள்ளையம்மா. சொல்லும்போது அவள் கூட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள். அது ஆட்காட்டிகளின் வழக்கம். ஆள் வருவது தெரிந்ததும் சத்தமில்லாமல் எழுந்து தூரமாக நடந்துவிடுவார்கள். வந்தவர்கள் அவளைப் பார்ப்பார்கள், கூட்டைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு நாள் கருப்பணன் நடந்துபோன வழி முட்டைகளுக்கு ஒரு சாண் பக்கத்தில் அமைந்துவிட்டது. அதன் வால் கூட்டின் ஓரத்துக் கல்லை உரசிக்கொண்டு போயிற்று. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா? கல்லுன்னு நெனச்சுப் போயிருச்சு," என்றான் மூக்கையன்.

"இன்னைக்குக் கல்லுன்னு நெனச்சிருச்சு. நாளைக்கும் நெனைக்குமா?"

மூக்கையன் வால் உரசிய கல்லை அலகால் தள்ளிச் சரியாக வைத்தான்.

"வேலி போடணுங்க," என்றாள் வெள்ளையம்மா. "மரத்துல. ஒரு கண்ணும் உள்ள நுழையக் கூடாது."

கரைமேல் இருந்த மருதமரம் ஒன்றை ஆட்கள் போன வாரம்தான் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கோடரி பட்டுத் தெறித்த செதில்கள் உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு சாண் உயரத்துக்கு, பலகை பலகையாகக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு கரிமூட்டம் இருந்தது. அதில் பாதி கருகிய கருவேலங்குச்சிகள் கிடைத்தன. வேலிக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. கட்டுகிற ஆள்தான் இல்லை.

வெள்ளையம்மா மரங்கொத்தி மேஸ்திரியிடம் போனாள்.

"கையில ஆறு பொந்து வேலை கெடக்கு தாயி," என்றார் மேஸ்திரி. "மழைக்கு முன்னால முடியாது."

"மழைக்குள்ள என் புள்ளைங்க பறந்தே போயிருமே மேஸ்திரி."

"அப்ப நீயே போட்டுக்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. கருகின முனைய மண்ணுக்குள்ள வை, கரையான் ஏறாது. குச்சி உசரத்துல மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகணும். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல கொஞ்சம் சந்து விடு."

"சந்து எதுக்கு?"

"காத்து போக வேணாமா?"

"காத்து போற வழியில கண்ணும் போகுமே," என்றாள் வெள்ளையம்மா.

மேஸ்திரி அவளை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு தம் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வேலை இரண்டு நாள் நடந்தது. ஆட்காட்டியின் கால் நெடுநெடுவென்று மஞ்சளாக அழகாக இருக்கும். குழி தோண்டத்தான் உதவாது. இரண்டு விரல்கடை தோண்டுவதற்குள் நகம் வலித்தது. மூன்றில் ஒரு பங்கு என்று மேஸ்திரி சொன்னதை அவள் மறக்கவில்லை. "இது போதும், காத்து அடிக்கிற காலமா இது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூக்கையன் செதில்களைக் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து போட்டான். கோரையைக் கிழித்து நாராக்கிக் குறுக்குக் குச்சிகளைக் கட்டினார்கள். அவள் முடிச்சுப் போட்டால் அவன் இழுத்துப் பார்ப்பான். அவிழ்ந்துவிடும். அவன் முடிச்சுப் போட்டால் அவள் இழுத்துப் பார்ப்பாள். அதுவும் அவிழ்ந்துவிடும். ஒருவர் அலகால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கட்டினால்தான் நின்றது.

மூன்று பக்கம் முடிந்து நாலாவது பக்கத்தைக் கட்டும்போது, முட்டைமேல் உட்கார்ந்திருந்த மூக்கையன் உள்ளிருந்து கேட்டான்.

"வெள்ளையம்மா, நான் வெளிய வர்றதுக்கு வழி எங்க? மேல்வழியாக் குதிச்சா முட்டை மிதிபடுமே."

அப்போதுதான் அவளுக்கு வாசல் ஞாபகம் வந்தது. இரண்டு பலகையைப் பிடுங்கி வாசல் வைத்தாள். தன் உடம்பை அளந்து, ஒட்டி ஒடுங்கி நுழைகிற அளவுக்குத்தான் வைத்தாள். பெரிய வாசல் என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா?

முதல் நாள் வெள்ளையம்மா உள்ளே போய் உட்கார்ந்தாள். நாலு பக்கமும் பலகை. கொக்கு தெரியவில்லை. கரை தெரியவில்லை. பச்சை மரத்தின் மணம் மட்டும் வந்தது. இருபத்திரண்டு நாளில் முதல் தடவையாக அவள் கண்ணை மூடித் தூங்கினாள். வாசலில் எட்டிப் பார்த்த மூக்கையன் அவள் தூங்குவதைக் கண்டு, சத்தம் போடாமல் திரும்பி நடந்தான். அதற்காகவே இந்த வேலி நல்லது என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் தொல்லைகள் தொடங்கின.

வெயில் ஏறினால் ஆட்காட்டிகள் தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவார்கள். அந்த ஈரம்தான் முட்டைக்குக் குளிர்ச்சி. இப்போது நனைந்து உப்பிய வயிற்றோடு அந்த ஒடுங்கிய வாசலில் நுழைந்தால், ஈரம் எல்லாம் பலகையில் வழிந்துவிட்டது. முட்டைக்குக் கிடைத்தது அரைச்சொட்டு. சந்து இல்லாததால் காற்றும் இல்லை. உள்ளே அடுப்படி போலக் காந்தியது. முன்பு ஒரு தடவை தண்ணீருக்குப் போன இடத்தில் இப்போது நாலு தடவை போனார்கள்.

காத்தாயி வந்து பலகைக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, நான் எதுவும் தப்பாப் பேசிட்டேனா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல காத்தாயி."

"பின்ன ஏன் சாத்திக்கிட்ட? உன் மூஞ்சி தெரியாம எனக்கு மேயவே முடியல. ஒரு வாய் புல்லுக்கு ஒம்போது தடவை திரும்பிப் பாக்கேன்."

"எட்டு நாள்தான் காத்தாயி. இப்ப அஞ்சு நாள்தான் பாக்கி."

காத்தாயி திரும்பிப் போய்விட்டாள். அவள் போகிற சத்தம் மட்டும்தான் வெள்ளையம்மாவுக்குக் கேட்டது. எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மூக்கையனும் ஒன்று சொன்னான். "மேயறப்ப தலையத் தூக்கினா நீ தெரிவ. இப்ப பலகைதான் தெரியுது." குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னான். ஆனாலும் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

அடுத்த நாள் மதியம். மூக்கையன் வயிற்றை நனைக்கத் தண்ணீருக்குப் போயிருந்தான். வெள்ளையம்மா முட்டைமேல் இருந்தாள். வெளியே சரளை நெரிபடும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி."

வெள்ளையம்மா முட்டைகள்மேல் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் முட்டை போடலைன்னுதானே சொன்ன? போடாத முட்டைக்கு வேலி எதுக்கு?" என்று கேட்டது கருப்பணன்.

அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை. ஆள் வருவதைப் பார்த்து முன்கூட்டியே எழுந்து போகிற பறவை அவள். இன்று ஆள் வந்து பக்கத்தில் நின்று கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பலகையில் நகம் கீறியது.

வெள்ளையம்மா மேல்வழியாகப் பறந்து வெளியே விழுந்தாள். ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒடிந்தது போல் நொண்டி நொண்டிக் கத்தினாள். ஆட்காட்டி அம்மாக்கள் எல்லாருக்கும் தெரிந்த வேலை அது. அடிபட்ட பறவை என்று நினைத்து எதிரி பின்னாலேயே வரும். கூட்டை விட்டு வெகுதூரம் இழுத்துப்போய் விட்டுவிடலாம்.

கருப்பணன் சிரித்தது. "இந்தக் கூத்த எங்க பாட்டன் காலத்துலேருந்து பாக்கோம் தங்கச்சி. நீ நொண்டுவ, நான் வருவேன், கொஞ்ச தூரம் போனதும் பறந்துருவ. முட்டை எங்க இருக்குன்னு தெரியாதவன்தான் உன் பின்னால வருவான். எனக்குத்தான் நீயே பலகை அடிச்சுக் காட்டிட்டியே."

சொல்லிவிட்டு முன்காலைப் பலகைமேல் வைத்தது. ஆழமில்லாத குச்சி உள்பக்கமாகச் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் பலகையும் உடும்பும் சேர்ந்து முட்டைமேல் விழும்.

வெள்ளையம்மா கத்துவதை நிறுத்தினாள். சிறகை மடக்கினாள். வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

பிறகு நடந்தாள். ஓடவில்லை, பறக்கவில்லை. இருபது தப்படி தள்ளி வெறும் சரளையில் போய் நின்றாள். அலகால் அங்கே கிடந்த நாலு கூழாங்கல்லை ஒவ்வொன்றாக மெதுவாகப் புரட்டிவிட்டாள், முட்டையைப் புரட்டுவது போல. வயிற்று இறகை விரித்து, அலுங்காமல் அவற்றின்மேல் உட்கார்ந்தாள். கண்ணைக் கரைப்பக்கம் வைத்துக்கொண்டாள்.

கருப்பணன் கழுத்தைத் திருப்பியது.

ஆவாரஞ்செடிக்கு அடியிலிருந்து காத்தாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு நொடிதான் வேண்டியிருந்தது.

"ஏக்கா," என்றாள் சத்தமாக. "இவ்வளவு நேரம் வெயில்ல தொறந்து போட்டுட்டு எங்க போன? முட்டை வெந்துறாது?"

"மெதுவாப் பேசு காத்தாயி," என்றாள் வெள்ளையம்மா. "அண்ணன் காதுல விழப்போகுது."

கருப்பணன் யோசித்தது. இந்த ஆட்காட்டி ஒரு பயந்தாங்கொள்ளி. தும்பி பறந்தாலே கத்துகிறவள். முட்டை இந்த வேலிக்குள் இருந்தால் இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாளா? அப்படியானால் இந்தப் பலகை எல்லாம் யாரை ஏமாற்ற? என்னைத்தான்.

"அடேயப்பா!" என்றது. "வெறும் பெட்டியக் காட்டிக் கருப்பணனை ஏச்சுப்புடலாம்னு பாத்தியா?"

காலைப் பலகையிலிருந்து எடுத்தது. வேலி சாய்ந்தபடியே நின்றது, விழவில்லை. கருப்பணன் அவளை நோக்கி நடந்துவந்தது.

அந்த நேரம் தண்ணீர்ப் பக்கமிருந்து மூக்கையன் பறந்து வந்தான். வேலி சாய்ந்திருப்பதைக் கண்டு அதை நோக்கி இறங்கப் போனான். வெள்ளையம்மா ஒரே ஒரு குரல் கொடுத்தாள். 'இங்கே வா' என்று அர்த்தம். மூக்கையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் கூப்பிட்டாள். அவன் அவளிடம் வந்து, வெறும் கல்லுக்கு மேலே வட்டமடித்து, உடும்பின் தலையில் இறங்கி இறங்கிக் கொத்தினான். அதைப் பார்த்ததும் கருப்பணனுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

உடும்பு பத்துத் தப்படியில் வந்தது. ஐந்து தப்படியில் வந்தது. வெள்ளையம்மா எழவில்லை. அவள் உடம்பெல்லாம் வேலிப் பக்கம் திரும்பத் துடித்தது. நான்கு முட்டையும் வெயிலில் திறந்து கிடக்கின்றன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது. அவள் பார்க்கவில்லை.

மூன்று தப்படியில் வந்த பிறகுதான் எழுந்தாள். கருப்பணன் பாய்ந்து மூக்கைச் சரளைக்குள் விட்டது. முதல் கல்லை நக்கியது. கல். அடுத்ததை நக்கியது. அதுவும் கல். மதிய வெயிலில் ஒவ்வொரு கல்லும் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. "இங்கதான் எங்கேயோ இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே அது பக்கத்துக் கல்லையும் அதற்குப் பக்கத்துக் கல்லையும் நக்கியது. கடைசியில் நாக்கு வெந்துபோய், தண்ணீரைத் தேடிக் குடுகுடுவென்று ஓடியது.

அதன் வால் கோரைக்குள் மறைந்த பிறகுதான் வெள்ளையம்மா வேலிக்குள் இறங்கினாள். நான்கு முட்டையையும் கன்னத்தால் தொட்டுப் பார்த்தாள். சூடுதான், ஆனால் கொதிக்கவில்லை. மூக்கையன் மறுபடி நனைந்து வந்து, வாசலை மறந்துவிட்டு மேல்வழியாக அலுங்காமல் இறங்கி, அவற்றின்மேல் உட்கார்ந்தான்.

"நான் திரும்பியே பாக்கலைங்க," என்றாள் அவள்.

"பாக்கல," என்றான் மூக்கையன். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிறகு அவன் கேட்டான். "வேலியப் பிரிச்சுத் தூக்கிப் போட்டுருவமா?"

"பிரிக்கணும். தூக்கிப் போட வேணாம்," என்றாள் வெள்ளையம்மா.

அன்று சாயங்காலமே மூவரும் வேலையில் இறங்கினார்கள். பலகையைப் பிடுங்கி, குழிகளை மூடி, மேலே சரளையைப் பரப்பினார்கள். கூடு பழையபடி கல்லோடு கல்லாகிவிட்டது. பிறகு செதில்களையும் குச்சிகளையும் பொட்டலின் மறுகோடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வெறும் தரையைச் சுற்றி வெள்ளையம்மா மறுபடி வேலி கட்டினாள். இந்தத் தடவை குழி தோண்டியது காத்தாயி. சரியாக மூன்றில் ஒரு பங்கு ஆழம்.

வேலை முடிந்து வீட்டுக்குப் பறந்துகொண்டிருந்த மரங்கொத்தி மேஸ்திரி இறங்கி வந்து, ஒரு குச்சியை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"நல்லாப் போட்டிருக்க தாயி. உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு நல்ல வேலி?"

"ஒண்ணும் இல்லாததுக்குத்தான் நல்ல வேலி வேணும்," என்றாள் வெள்ளையம்மா.

மறுநாள் வந்த கருப்பணன் புதிய வேலியைப் பார்த்து சப்புக்கொட்டியது. 'நேத்துப் பயந்துபோய் முட்டையை இங்கே கொண்டுவந்து பூட்டிவிட்டாள்' என்று நினைத்தது. ஒரு நாள் முழுக்க வேலியைத் தள்ளிப் பார்த்தது. மறுநாள் ஏறிக் குதித்தது. உள்ளே ஒன்றும் இல்லை. 'மண்ணுக்குள் புதைத்திருப்பாள்' என்று அடுத்த நாள் தோண்டியது. பொட்டலின் இந்தக் கோடியில் காத்தாயி நிம்மதியாகப் புல் மேய்ந்தாள்.

நான்காம் நாள் காலையில், திறந்த வெளியில், நான்கு குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து, ஈரம் காய்ந்ததும் எழுந்து நடந்தன. அதற்குப் பிறகு வெள்ளையம்மா எந்தக் கோடையிலும் தன் கூட்டைச் சுற்றி ஒரு குச்சிகூட நடவில்லை. வெட்டவெளியில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள், கணவன் பார்க்கிற இடத்தில், காத்தாயி பார்க்கிற இடத்தில். மறுகோடியில் இருக்கும் வெறும் வேலியை மட்டும் வருஷா வருஷம் போய்ப் பழுது பார்த்துவிட்டு வருவாள்.

பயத்தில் நாம் எழுப்பும் வேலி நம் பொருள் இருக்கும் இடத்தைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கும். நம் திறந்த கண்ணும், நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்கம்பக்கமுமே நல்ல காவல்.